விழக் கற்ற நடை

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வலது கணுக்காலில் எலும்பு முறிந்து, ஆறு வாரங்கள் மாவுக்கட்டோடு இருந்தேன். கட்டைப் பிரித்த பிறகு, நாற்பது ஆண்டுகளாக எண்ணிப் பார்க்காமலேயே செய்துவந்த நடை என்னும் செயலை மீண்டும் முதலிலிருந்து பழக வேண்டியதாயிற்று. ஒரு காலை ஊன்றி, அது தாங்குகிறது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே அடுத்த காலைத் தூக்குவேன். அறைக்குள் பத்தடி கடப்பதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிடும். இயன்முறை மருத்துவர் இரண்டு நாட்கள் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நீங்கள் நடக்கவில்லை, நின்று நின்று இடம் மாறுகிறீர்கள். உடம்பை முன்னால் விழ விடுங்கள், கால் தானாக வந்து தாங்கிக்கொள்ளும்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது வாபோட்-1 என்னும் ரோபோ. டோக்கியோவின் வசேதா பல்கலைக்கழகத்தில் இச்சிரோ கட்டோவின் குழு 1973-ல் உருவாக்கிய, முழு மனித அளவும் வடிவமும் கொண்ட முதல் ரோபோ அது. ஓர் அடி எடுத்து வைக்க அதன் கால்களுக்கு ஏறத்தாழ 45 நொடிகள் தேவைப்பட்டன. உடலின் எடை முழுவதும் ஊன்றிய பாதத்தின் மேல் வந்து சேரும் வரை காத்திருந்து, அதன் பிறகே மற்ற காலை நகர்த்தியதால் நேர்ந்த தாமதம் அது. எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் சிலைபோல அப்படியே நிற்கக்கூடிய நடை என்பதால் பொறியாளர்கள் அதனை நிலைநடை என்ற பொருளில் குறிப்பிடுவார்கள். கட்டுப் பிரித்த வாரத்தில் நான் நடந்ததும் அதே நடைதான்.

இயல்பாக நடக்கும் ஒருவரைப் பாதி அடியில் உறைய வைத்தால் அவர் விழுந்துவிடுவார். ஊன்றிய காலின் மேல் நம் உடல், தலைகீழாக நிறுத்திய ஊசலைப் போல முன்னோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவு விழுகையாக முடிவதற்குள் மற்ற கால் உரிய இடத்தில், உரிய நேரத்தில் வந்து ஊன்றுவதால் அது ஓர் அடியாக மாறுகிறது. இரண்டு கால் ரோபோக்களின் முன்னேற்றம் என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி, அவற்றை உருவாக்கியவர்கள் விழுதலை நோக்கிய விதத்தில் ஏற்பட்ட மாற்றமே என்பது என் கருத்து. மோட்டார்களும் மின்கலங்களும் கணினிகளும் வளர்ந்தது உண்மைதான், ஆனால் அந்த வளர்ச்சியை எந்தத் திசையில் பயன்படுத்துவது என்பதை இந்த மனமாற்றமே தீர்மானித்தது.

முதல் கட்டத்தில், விழவே கூடாது என்பது விதியாக இருந்தது. அந்த விதிக்குக் கணித வடிவம் தந்தவர் பெல்கிரேடைச் சேர்ந்த மியோமிர் வுகோப்ராடோவிச். தரை நம் பாதத்தை எத்தனையோ புள்ளிகளில் தாங்கினாலும், அந்த விசைகள் அனைத்தையும் கூட்டி ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கருதலாம். அந்தப் புள்ளி பாதத்தின் எல்லைக்குள் இருக்கும் வரை பாதம் தரையில் தட்டையாகப் பதிந்திருக்கும். எல்லையைத் தொட்டதும், பாதம் தன் விளிம்பையே கீலாகக் கொண்டு புரளத் தொடங்கும். சுழித் திருப்புத்திறன் புள்ளி என்று தமிழில் சொல்லத்தக்க இதனைத் துறையினர் சுருக்கமாக இசட்.எம்.பி. என்பார்கள். இதன் அருமை என்னவென்றால், நகர்ந்துகொண்டிருக்கும் உடலின் ஈர்ப்பு மையம் பாதத்துக்கு வெளியே போனாலும், இந்தப் புள்ளி உள்ளே இருந்தால் போதும். ஆகவே ஒவ்வோர் அடியிலும் நின்று காத்திருக்க வேண்டிய தேவை நீங்கியது. 1980-களின் நடுவில் அதே வசேதா பல்கலைக்கழகத்தின் ரோபோ ஒன்று ஓர் அடியை 1.3 நொடியில் எடுத்து வைத்தது.

ஹோண்டா நிறுவனம் 1986-ல் வெளியே சொல்லாமல் தொடங்கிய ஆய்வு இந்தப் பாதையில்தான் சென்றது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1996 டிசம்பரில், 182 சென்டிமீட்டர் உயரமும் 210 கிலோ எடையும் கொண்ட பி2 ரோபோவை அது உலகுக்குக் காட்டியபோது, வெளியிலிருந்து கம்பி எதுவும் இணைக்கப்படாமல், தன் மின்கலத்தையும் கணினியையும் தானே சுமந்துகொண்டு ஒரு மனித உருவம் நடந்ததைக் கண்டு துறை முழுவதும் திகைத்தது. 2000-ல் வந்த ஹோண்டாவின் அசிமோ ரோபோவை நான் கல்லூரியில் படித்தபோது தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்த நாட்களில் என் குறிப்பேட்டின் ஓரங்களில் எல்லாம் அதன் கால் மூட்டுகளை வரைந்து வைத்திருந்தேன். இந்தத் துறையின் மீது எனக்கு ஏற்பட்ட பற்றுக்கு அதுவே தொடக்கம்.

அப்போதே ஒன்று கண்ணில் பட்டது. அசிமோ எப்போதும் முழங்காலைச் சற்று மடக்கியபடி, பாதி உட்கார்ந்தவரைப் போல நடந்தது. காரணம் பிற்பாடு படித்தபோது புரிந்தது. கணக்கை எளிதாக்குவதற்காக, இடுப்பு ஒரே உயரத்தில் நகர்வதாக வைத்துக்கொள்வார்கள். இந்த மாதிரியை ஜப்பானின் ஷூஜி கஜிதா செம்மைப்படுத்தினார். இடுப்பு ஏறி இறங்காமல் இருக்க வேண்டுமானால் முழங்கால் மடங்கியே இருக்க வேண்டும். மேலும், கால் முழுவதும் நீண்டுவிட்டால் அதற்கு மேல் நீட்ட இடமில்லாமல் போய், மூட்டுக் கோணங்களைக் கணக்கிடும் சமன்பாடுகளும் அந்த நிலையில் பயனற்றுப் போகும். எனவே ரோபோ எந்நேரமும் தன் எடையைத் தொடையால் தாங்கிக்கொண்டே நடந்தது. முழங்காலை மடக்கியபடி சிறிது தூரம் நடந்து பார்த்தால் அதன் களைப்பு எவருக்கும் விளங்கும். அதன் விலை ஆற்றலில் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட எடையை ஒரு குறிப்பிட்ட தூரம் நகர்த்த எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று பார்க்கும் அளவுகோலில் மனிதரின் எண் ஏறத்தாழ 0.2, அசிமோவின் எண் 3.2 என்று 2005-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று மதிப்பிட்டது. பதினாறு மடங்கு வேறுபாடு!

அதே கட்டுரையில், மனிதருக்கு இணையாக 0.2 என்ற எண்ணைப் பெற்ற ஓர் எளிய இரண்டு கால் இயந்திரமும் இடம்பெற்றிருந்தது. அதன் வேர் டாட் மெக்கீரின் பணியில் இருக்கிறது. விமானவியல் படித்தவரான அவர் 1990-ல், மோட்டாரோ கணினியோ இல்லாத ஒரு ஜோடிக் கால்கள் மெல்லிய சரிவில் தாமாகவே நடந்து இறங்கும் என்று காட்டினார். ரைட் சகோதரர்கள் முதலில் இயந்திரம் இல்லாமல் காற்றில் சறுக்கக் கற்றுக்கொண்டு, அதன் பிறகே சிறிய எஞ்சினைப் பொருத்தினார்கள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நடையிலும் அவ்வாறே, விழுகையை இயற்கையின் போக்கில் விட்டு, குறைகிற ஆற்றலை மட்டும் சேர்த்தால் போதும் என்பது அவர் வாதம். அந்த வழியில் வந்த கார்னெல் பல்கலைக்கழகத்தின் ரேஞ்சர் என்னும் ரோபோ, 2011-ல் ஒரே முறை ஏற்றிய மின்கலத்தில் 65 கிலோமீட்டர் நடந்தது. அது படியேறாது, தள்ளினால் தாங்காது, மனித உருவமும் அதற்கு இல்லை. ஆயினும், எனக்குத் தெரிந்த நடை இயந்திரங்களில் என்னை மிக ஆழமாகப் பாதித்தது எது என்று கேட்டால், அசிமோவை விடுத்து மெக்கீரின் மோட்டார் இல்லாத கால்களையே சொல்வேன். நடை என்பது மூளையின் கட்டளையாக இருப்பதற்கு முன்பே காலின் வடிவத்தில் இருக்கிறது என்று காட்டியவை அவை.

மார்க் ரைபர்ட் வேறொரு திசையிலிருந்து வந்தார். 1980-களின் தொடக்கத்தில் அவர் செய்தது ஒரே கால் கொண்ட, குதித்துக்கொண்டே இருக்கும் இயந்திரம். ஒற்றைக் காலில் நிற்க முடியாது என்பதால் நிலைநடை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எவ்வளவு உயரம் குதிப்பது, உடலை எப்படி நிமிர்த்தி வைப்பது, கால் அடுத்து எங்கே ஊன்றுவது என்ற மூன்று கேள்விகளாக அவர் சிக்கலைப் பிரித்தார். மூன்றாவது கேள்வியே சமநிலையின் உயிர். நீங்கள் என்னைப் பின்னாலிருந்து தள்ளினால் நான் பாதத்தை இறுக்கி நிற்பதில்லை. ஓர் அடி முன்னால் எடுத்து வைத்துத் தப்புகிறேன். அவர் 1992-ல் நிறுவிய பாஸ்டன் டைனமிக்ஸின் அட்லஸ் ரோபோ 2017-ல் பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டதற்கு இந்த ஒற்றைக் காலே முன்னோடி.

விழாமல் காக்கும் சிந்தனையும், விழுகையையே பயன்படுத்தும் சிந்தனையும் ஒரே களத்தில் சோதிக்கப்பட்ட நாட்கள் 2015 ஜூன் 5, 6. ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது மனிதர் நுழைய முடியாத இடத்துக்குள் சென்று ஒரு வால்வைத் திருப்பத் தக்க ரோபோ இல்லாமல் போன குறையை மனத்தில் கொண்டு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய போட்டியின் இறுதிச் சுற்று கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்தது. வண்டி ஓட்டுதல், கதவு திறத்தல், சுவரில் துளையிடுதல், இடிபாடுகளைக் கடத்தல், படியேறுதல் உள்ளிட்ட எட்டு வேலைகளை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முந்தைய சுற்றில் அனுமதிக்கப்பட்ட பாதுகாப்புக் கயிறு இந்த முறை கிடையாது. ரோபோக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. கதவின் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டிய நிலையிலேயே, காற்றுகூடத் தொடாமல் பின்னோக்கிச் சாய்ந்தவை உண்டு. வென்றது தென் கொரியாவின் கெய்ஸ்ட் நிறுவனத்தின் ஹூபோ. அதன் முழங்கால்களிலும் பாதங்களிலும் சக்கரங்கள் இருந்தன. நடக்கத் தேவையில்லாத இடங்களில் அது மண்டியிட்டு உருண்டு சென்று, எட்டு வேலைகளையும் 44 நிமிடம் 28 நொடியில் முடித்தது. அதைக் குறுக்குவழி என்று சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தேவையில்லாத இடத்தில் விழும் வாய்ப்பை ஏற்காமல் இருப்பதும் அறிவுதான்.

அந்தக் காணொளிகளைப் பார்த்து உலகம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒரு குழு, தன் ரோபோ கான்கிரீட்டில் மோதி உடைவதைத் தொலைவிலிருந்து பார்க்க நேர்வதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அந்தச் சரிவுகளைவிட முக்கியமான ஒரு குறையும் அன்று வெளிப்பட்டது: விழுந்த ரோபோக்களில் ஏறத்தாழ எதனாலும் தானாக எழ முடியவில்லை. எழுந்து நின்று வேலையைத் தொடர்ந்த கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சிம்ப் அரிய விதிவிலக்காக இருந்தது. விழாமல் இருப்பதற்கே அத்தனை கணிதமும் செலவிடப்பட்டதால், விழுந்த பின் என்ன என்பதை மிகச் சிலரே எண்ணியிருந்தார்கள். அந்தச் சிலரில் ஜப்பானின் ஆய்வாளர்கள் இருந்தார்கள். கியோஷி ஃபுஜிவாராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002-லேயே ஜூடோ வீரர்கள் அடிபடாமல் விழும் உகேமி என்னும் உத்தியை ரோபோவுக்குக் கற்பிக்க முனைந்தார்கள். விழப்போகிறோம் என்று தெரிந்த கணத்தில் முழங்காலை மடக்கி, உடலைச் சுருக்கி, அடி விழும் வேகத்தைக் குறைப்பது அதன் சாரம். அந்த ஆய்வு கிடைக்க வேண்டிய கவனத்தைப் பெற வெகுகாலம் ஆனது.

விழுந்தாலும் உடையாத உடல் கிடைத்ததற்குக் காரணம், அதிகம் பேசப்படாத ஒரு பற்சக்கர மாற்றம். பழைய ரோபோக்களின் மூட்டில், வேகமாகச் சுழலும் சிறிய மோட்டாரை நூறுக்கு ஒன்று என்ற அளவில் வேகம் குறைக்கும் பற்சக்கரத் தொகுதி மூட்டோடு இணைத்தது. விசை பெருகும்; ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது மோட்டாரின் சுழல் மந்தம், அதாவது தன் சுழற்சி மாறுவதை எதிர்க்கும் தன்மை, அந்த விகிதத்தின் வர்க்கமாக, அதாவது பத்தாயிரம் மடங்காகப் பெருகித் தோன்றும். அப்படிப்பட்ட கால் தரையை மோதும்போது வளைந்து கொடுக்காது. மோதலின் முழு அதிர்ச்சியும் பற்களின் மேல் இறங்கும். எம்.ஐ.டி.யில் சாங்பே கிம்மின் குழு தங்கள் நான்கு கால் சீட்டா ரோபோவில், விட்டம் பெரிய மோட்டாரைப் பொருத்தி விகிதத்தை ஆறுக்கு ஒன்று என்னும் அளவுக்குக் குறைத்தது. ஆறின் வர்க்கம் முப்பத்தாறுதான். கால் தரையின் அடியை வாங்கிக்கொண்டு பின்னடையும். அந்தப் பின்னடைவை மோட்டாரின் மின்னோட்டத்திலிருந்தே உணரவும் முடியும். கணுக்கால் பிடிப்பு விட்டுப்போகத் தொடங்கிய வாரத்தில் நான் உணர்ந்த வேறுபாடும் இதுவே: தரை என்னை இடிப்பது நின்று, தரையை நான் தொடத் தொடங்கினேன்.

உடல் இப்படி மாறிய பிறகே அடுத்த பாய்ச்சல் சாத்தியமாயிற்று. அது வலுவூட்டல் கற்றல் என்னும் முறை. எந்த மூட்டை எப்போது எவ்வளவு மடக்குவது என்று மனிதர் எழுதித் தருவதில்லை. கணினிக்குள் இயற்பியல் விதிகளோடு ஓர் உலகை உருவாக்கி, அதில் ஆயிரக்கணக்கான ரோபோக்களை ஒரே நேரத்தில் விட்டுவிடுகிறார்கள். சொன்ன வேகத்தில் முன்னேறினால் மதிப்பெண் கூடும், ஆற்றலை வீணாக்கினாலோ விழுந்தாலோ குறையும். தொடக்கத்தில் எல்லாமே விழும். கோடிக்கணக்கான முயற்சிகளுக்குப் பிறகு, விழாதிருக்கச் செய்தவை நிலைத்து, மற்றவை மறைந்துவிடுகின்றன. சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் பல்கலைக்கழகமும் கணினிச் சில்லு நிறுவனமான என்விடியாவும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 4,096 நான்கு கால் ரோபோக்களை ஒரே வரைகலைச் செயலி அட்டையில் இயக்கி, சமதள நடையை நான்கு நிமிடத்துக்குள்ளும் கரடுமுரடான தரையிலான நடையை இருபது நிமிடத்துக்குள்ளும் கற்பித்துக் காட்டினார்கள்.

கணினிக்குள் கற்ற நடை மெய்யான தரையில் செல்லுபடியாகுமா என்பதே நெடுங்காலம் தடையாக இருந்தது. எந்த மாதிரி உலகமும் நிஜத்தோடு முற்றிலும் ஒத்துப்போவதில்லை. அதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. மாதிரியைத் துல்லியமாக்குவதை மட்டும் நம்பாமல், அதை வேண்டுமென்றே குலைத்தார்கள். ஒரு ரோபோவின் உடல் எடையைக் கூட்டினார்கள், மற்றொன்றின் மோட்டாரை வலுவிழக்கச் செய்தார்கள், இன்னொன்றின் தரையை வழுக்கலாக்கினார்கள், சிலவற்றை எதிர்பாராமல் பக்கவாட்டில் தள்ளினார்கள். அத்தனை மாறுபாடுகளிலும் நிற்கக் கற்ற ஒன்றுக்கு, நிஜ உலகம் மற்றுமொரு மாறுபாடாகவே தோன்றுகிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான கேஸி என்னும் இரண்டு கால் ரோபோ இந்த வழியில் பயின்று, கேமரா எதுவும் இல்லாமல், காலில் தட்டுப்படுவதை மட்டும் கொண்டு படிகளில் ஏறி இறங்கியது. 2021-ல் அது ஒரே மின்கல ஏற்றத்தில் 5 கிலோமீட்டரை 53 நிமிடத்தில் ஓடிக் கடந்தது. வழியில் இரண்டு முறை விழுந்தது. ஒரு முறை அதன் கணினி சூடேறியதாலும், மற்றொரு முறை கட்டளையிட்டவர் மிக வேகமாகத் திருப்பியதாலும். இரண்டிலும் நடையின் மேல் குற்றமில்லை என்பதை நான் கவனத்தோடு குறித்துக்கொண்டேன்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் 2012-ல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தளர்நடை போடும் குழந்தைகள் தாமாக விளையாடும்போது, சராசரியாக மணிக்கு 2,368 அடிகள் எடுத்து வைத்து, 17 முறை விழுகிறார்கள். ரோபோ ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் கடந்து வந்து சேர்ந்த இடத்தில் குழந்தைகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஆயினும் மணிக்குப் பதினேழு எங்கே, கோடிகள் எங்கே? குழந்தை இவ்வளவு குறைந்த விழுகைகளில் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பது இன்னும் விடுவிக்கப்படாத கேள்வி. இந்தத் துறையின் அடுத்த பெரிய வேலை அதிலேயே இருக்கிறது என்று நம்புகிறேன்.

நிலைமை எவ்வளவு மாறியது என்பதற்கு 2025 ஏப்ரல் 19 அன்று பெய்ஜிங்கில் நடந்த அரை மாரத்தான் நல்ல அளவுகோல். 21 ரோபோக்கள் தொடங்கி, ஆறு மட்டுமே முடித்தன. முதலில் வந்த தியான்கோங் அல்ட்ரா 2 மணி 40 நிமிடம் 42 நொடி எடுத்துக்கொண்டது; மூன்று முறை மின்கலம் மாற்றப்பட்டது; ஒரு முறை விழுந்து எழுந்தது. மனிதரின் ஓட்டத்தோடு ஒப்பிட்டால் இது மெதுவானதே. ஆனால் 2015-ல் கதவுக்கு முன்னே நின்ற இடத்திலேயே சரிந்தவற்றை நினைவில் வைத்திருப்பவருக்கு, பத்தே ஆண்டுகளில் 21 கிலோமீட்டர் என்பது எளிய செய்தியாக இராது. 2024 ஏப்ரலில் அறிமுகமான மின்சார அட்லஸ், தரையில் கிடந்த நிலையிலிருந்து கால்களைப் பின்னோக்கி மடித்து ஊன்றி, எந்த மனிதரும் எழ முடியாத விதத்தில் எழுந்து நின்றது. அந்த அறிமுகக் காட்சியை விழுந்து கிடக்கும் நிலையிலிருந்து தொடங்கியதே என்னை மிகவும் மகிழ்வித்தது.

எஞ்சியிருக்கும் பெரிய சிக்கலும் விழுகையைப் பற்றியதே. சக்கரங்களில் ஓடும் தொழிற்சாலை ரோபோவில் ஆபத்து நேரத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அது அங்கேயே நின்றுவிடும். மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் பாதுகாப்பு. இரண்டு கால் ரோபோவில் அதே பொத்தான் ஐம்பது, அறுபது கிலோ உலோகத்தை அருகில் நிற்பவர் மேல் சாய்த்துவிடும். நிறுத்தினால் விழும் இயந்திரத்துக்கு எது பாதுகாப்பான நிலை? இதற்கென்றே தனி சர்வதேசத் தரவிதிகளை வகுக்கும் பணி நடந்து வருகிறது. அதனால்தான், 2024 முதல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உள்ள ஒரு கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி வைத்துவரும் டிஜிட் என்னும் இரண்டு கால் ரோபோவுக்கு, மனிதர் நடமாட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நடனமும் குட்டிக்கரணமும் காட்டும் காணொளிகளை நானும் ரசித்துப் பார்க்கிறேன். ஆனால் முதியவர் ஒருவரின் அறைக்குள் இந்த ரோபோக்களை அனுமதிப்பதற்கு முன் நான் கேட்கப்போவது வேறு.

என் பயிற்சியின் முதல் நாட்களில் மருத்துவர் என் இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டி, அதைப் பிடித்தபடியே பக்கத்தில் நடந்தார். ஆய்வகங்களிலும் ரோபோவின் தோளில் கயிறு கட்டி, மேலே ஓடும் தண்டவாளத்தில் தொங்க விட்டே நடக்க வைக்கிறார்கள். அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, நடந்துகொண்டிருக்கும் ரோபோவின் மின்சாரத்தைப் பாதி அடியில் துண்டித்து, மூட்டுகளில் எஞ்சிய ஆற்றலைக் கொண்டே அது யார் மேலும் சாயாமல் மெல்ல மண்டியிட்டு அமர்வதைக் காட்டும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். அதை நேரில், இரண்டடி தூரத்தில் நின்று பார்க்க விரும்புகிறேன்.